பதினோராம் கேள்வி

கழக்கூட்டம்,
16-2-2025, ஞாயிறு.

தம்பி ஜிபினுக்கு,

இங்கே நான் சுகம். அங்கே நீயும் சுகமாக இருக்கக் கர்த்தரிடம் கேட்டுக்கொள்கிறேன். கோபம் இருந்தாலும் அதைக் கேட்காமல் படுக்க முடியவில்லை.

உன் ஆபீஸ் கவர் வந்தது. உள்ளே நாலு பக்கப் படிவம், பன்னிரண்டு கேள்வி. உன் கைப்பட ஒரு வரி இல்லை. 'அன்புடையீர், பாதுகாப்புத் தளவாடத் தொழிலாளர்களின் வேலைவாய்ப்பு பற்றிய ஆய்வு' என்று தொடங்குகிறது. அன்புடையீராம்! பதினாலு வயதில் உன்னை இடுப்பில் சுமந்துகொண்டு ரேஷன் கடை வரிசையில் நின்றவள் நான். நல்லா இருடே.

டிசம்பரில் அம்மாவின் நினைவு ஜெபத்தன்று, பந்தலில் நாலு பேர் இருக்கும்போது, "அம்மைக்குச் சவப்பெட்டி வாங்குனதும் குண்டு செஞ்ச சம்பளத்துலதானாக்கா?" என்று கேட்டாய். எல்லோரும் கையில் காப்பி டம்ளரோடு என்னைப் பார்த்தார்கள். இனி உன்னோடு பேசமாட்டேன் என்று அம்மா படத்துக்கு முன்னால் நின்று சொன்னேன். அந்த வாக்கு மாறாது. ஃபோன் செய்யாதே, எடுக்க மாட்டேன். பேசமாட்டேன் என்றுதான் சொன்னேன், எழுதமாட்டேன் என்று சொல்லவில்லை. அதனால் இந்தக் கடிதம்.

படிவத்தை நிரப்ப மாட்டேன். மூன்றாம் கேள்வி: 'தாங்கள் உற்பத்தி செய்யும் பொருள் யாது?' வெளியே சொல்ல மாட்டேன் என்று கம்பெனியில் கையெழுத்துப் போட்டவளிடம் கேட்கிற கேள்வியா இது? பதினோராம் கேள்வி அதைவிட மோசம். 'இந்தத் தொழில் நின்றுபோனால் தாங்கள் வேறு என்ன வேலைக்குச் செல்வீர்கள்?' ஏன் தம்பி, நிறுத்திவிடுவது என்று முடிவு செய்தாயிற்றா? படிவத்தை அம்மாவின் பைபிளுக்குள் மடித்து வைத்திருக்கிறேன். அங்கேயே கிடக்கட்டும்.

எனக்கு எழுத நேரம் ஞாயிற்றுக்கிழமைதான். மற்ற நாளெல்லாம் காலை ஏழுக்குக் கம்பெனி பஸ், திரும்பி வரும்போது இருட்டிவிடும். கோயிலுக்குப் போய்வந்து சோறு பொங்கிவைத்துவிட்டு எழுதுகிறேன். அம்மா இல்லாததால் அரைச் சேர்தான் பொங்குகிறேன், அதுவும் மிஞ்சுகிறது.

இருமல் மருந்தை நிறுத்தாதே.

அக்கா,
ராகேல்.


சென்னை,
27-2-2025.

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கையெழுத்தைப் பார்த்துப் பத்து வருஷம் ஆகியிருக்கும். அம்மா பைபிளை வைத்து நமக்குத் தமிழ் எழுத்துச் சொல்லிக்கொடுத்தபோது உன்னுடைய 'ழ'வுக்கு வால் நீளம் என்று திட்டுவாளே, அந்த வால் இன்னும் அப்படியே இருக்கிறது. இருமல் குறைந்துவிட்டது. உன் முழங்கால் வலி எப்படி?

படிவம் ஆபீஸ் அனுப்பியது. ஆனால் பட்டியலில் உன் விலாசத்தைச் சேர்த்தது நான். ஃபோன் செய்தால் வைத்துவிடுவாய், இப்படியாவது ஒரு பதில் வராதா என்று பார்த்தேன். வந்துவிட்டது.

பந்தலில் கேட்டது தப்பு. நாலு பேர் முன்னால் கேட்டிருக்கக் கூடாது.

நாங்கள் செய்கிற வேலையைச் சொல்கிறேன், கோபப்படாமல் படி. அணுகுண்டுக்கும் அதைச் சுமந்து போகும் ஏவுகணைக்கும் அரசாங்கம் போடும் பணத்தில் எத்தனை பேருக்கு வேலை கிடைக்கிறது, அதே பணத்தைப் பள்ளிக்கூடத்திலும் ஆஸ்பத்திரியிலும் பஸ்ஸிலும் போட்டால் எத்தனை பேருக்குக் கிடைக்கும் என்று கணக்கெடுக்கிறோம். 'ஆயுதத்தைக் குறைத்தால் தொழிலாளி தெருவுக்கு வந்துவிடுவான்' என்று எல்லா மேடையிலும் சொல்கிறார்கள். இதுவரை நாங்கள் பார்த்ததில் அது நிஜமில்லை. அந்தத் தொழிலில் பணம் பெரும்பாலும் இயந்திரத்துக்குப் போகிறது, ஆளுக்குப் போவது கொஞ்சம். ஆஸ்பத்திரியில் அப்படி இல்லை.

நீ அங்கே பதினாறு வருஷமாக என்ன செய்கிறாய் என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை. பீஸ் கட்டினாய், படித்தேன். இப்போது கேட்கிறேன். சொல்லக்கூடாததை விட்டுவிட்டுச் சொல்.

தம்பி,
ஜிபின்.


கழக்கூட்டம்,
9-3-2025, ஞாயிறு.

தம்பி ஜிபினுக்கு,

கர்த்தர் புண்ணியத்தில் முழங்கால் பரவாயில்லை. வெயில்தான் கொல்லுகிறது. இருமல் குறைந்தது என்றால் போதாது, நிற்கவேண்டும்.

நாலு பேர் முன்னால் கேட்டிருக்கக் கூடாதாம். அப்படியென்றால் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம், அப்படித்தானே? உன் மன்னிப்பில்கூடப் பாதி குறைகிறது.

என் வேலையைக் கேட்டாய். சொல்கிறேன். பெரிய உருக்குக் குழாய் செய்கிறார்கள். ஒரு ஆள் நிமிர்ந்து உள்ளே நடந்து போகலாம், அவ்வளவு பெரிது. அதன் வெல்டிங் ஒட்டுகளை எக்ஸ்ரே எடுப்பார்கள். அந்த ஃபிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டி, ஒட்டுக்குள்ளே குமிழி இருக்கிறதா, முடி மாதிரி விரிசல் இருக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. அறை இருட்டு. வெளிச்சத்திலிருந்து வந்தால் பத்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து கண்ணைப் பழக்க வேண்டும். பதினாறு வருஷத்தில் அந்தப் பத்து நிமிஷங்களை மட்டும் கூட்டினால் எத்தனை மாதம் நான் இருட்டில் சும்மா இருந்திருப்பேன் என்று உங்கள் ஆபீஸில் கணக்குப் போட்டுச் சொல்.

ஒரு ஃபிலிமை இரண்டு பேர் பார்ப்போம். தடுப்பு வைத்த என் கூண்டில் நான், அடுத்த கூண்டில் சுஜா. ஒருத்தி கண்டதை மற்றவளிடம் சொல்லக்கூடாது. தனித்தனிச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட வேண்டும். இரண்டு சீட்டும் ஒத்துப்போனால் சரி, இல்லையென்றால் மூன்றாவது ஆள். சுஜா பக்கத்தில் பதினோரு வருஷம் உட்கார்ந்திருக்கிறேன். அவள் பிள்ளைக்குக் கல்யாணம் நிச்சயமானதே எனக்குக் கேன்டீனில் வைத்துத்தான் தெரியும்.

உனக்கு நினைவிருக்கிறதா, அதற்கு முன்னால் பழவங்காடியில் ஸ்டுடியோவில் ஃபிலிம் கழுவினேன். டிஜிட்டல் வந்தது, ஸ்டுடியோக்காரர் ஷட்டரை இழுத்துவிட்டார். அந்தக் கைப்பழக்கம் இருந்ததால்தான் கம்பெனியில் முதலில் எக்ஸ்ரே கழுவவும், பிறகு பார்க்கவும் எடுத்தார்கள். முப்பது வயதுக்குமேல் எனக்குக் கிடைத்த சோலி இது. நீ அப்போது பிளஸ் டூ.

குழாய் எதற்கு என்று கேட்காதே. நீலச் சீட்டு கட்டி வந்தால் சாட்டிலைட் ராக்கெட்டுக்கு. சிவப்புச் சீட்டு கட்டியும் வரும். அதைப் பற்றி எழுத மாட்டேன்.

உன் கணக்கு எனக்குப் புரிகிறது. நான் முட்டாள் இல்லை. பணத்தை மாற்றிப் போட்டால் ஆயிரம் பேருக்கு வேலை வரும், சந்தோஷம். அந்த ஆயிரம் நாற்காலியில் என்னை எதில் உட்கார வைப்பாய்? அதை மட்டும் சொல். உன் மூளைக்கு எட்டுகிறதா என்று பார்ப்போம்.

நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா,
ராகேல்.


சென்னை,
24-3-2025.

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? இருமல் நின்றுவிட்டது, சத்தியமாக.

உன் கேள்வியை எங்கள் கூட்டத்தில் வைத்தேன். (உன் பெயரைச் சொல்லவில்லை.) ஆளுக்கொன்று சொன்னார்கள். எனக்குத் தோன்றியது இது. ஆஸ்பத்திரி கூடினால் எக்ஸ்ரே கூடும். எக்ஸ்ரேயைப் பார்க்க நல்ல கண் வேண்டும். உன் கண்ணைப்போல ஒரு கண் அவர்களுக்கு எங்கே கிடைக்கும்? இரும்பில் விரிசல் பார்க்கிறவள் எலும்பில் பார்க்க மாட்டாளா?

இதை எழுதிவிட்டுப் படித்துப் பார்த்தால் எனக்கே கொஞ்சம் விளையாட்டாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் இன்றைக்கு என்னிடம் இருக்கிற பதில் இதுதான்.

சிவப்புச் சீட்டைப் பற்றி நான் கேட்கமாட்டேன்.

இந்த அறையில் நானும் ஒரு மின்விசிறியும்தான். அது இரவெல்லாம் பேசுகிறது. உன் கடிதம் வந்த அன்று இரண்டு தடவை படித்தேன்.

தம்பி,
ஜிபின்.


கழக்கூட்டம்,
25-5-2025, ஞாயிறு.

தம்பி ஜிபினுக்கு,

சுகம், சுகமே வேண்டுகிறேன். இரண்டு மாதமாக எழுதவில்லை என்று கோபிக்காதே. எலும்பு பார்க்கச் சொன்னாயல்லவா, அதைப் படித்துச் சிரித்ததில் பேனாவை எங்கே வைத்தேன் என்று மறந்துவிட்டது.

இப்போது நான் உனக்கு ஒரு செய்தி சொல்கிறேன். இந்த மாதம் எல்லையில் நடந்ததெல்லாம் நீயும் டிவியில் பார்த்திருப்பாய். போன வாரம் கம்பெனிக்குப் புது ஆர்டர் வந்தது. இருப்பதைப்போல இரண்டு பங்கு! கேன்டீனில் எல்லோருக்கும் பாலடைப் பாயசம். மேனேஜர் மேசைமேல் ஏறாத குறையாகப் பேசினார், "பத்துக் கொல்லத்தேக்கு ஆரும் பேடிக்கண்டா" என்றார். பத்து வருஷத்துக்கு யாரும் பயப்பட வேண்டாம். பத்து வருஷம் கழித்து எனக்கு ஐம்பத்தாறு. அதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்?

எல்லோரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன். தட்டும்போது உன்னை நினைத்துக்கொண்டேன். பதினோராம் கேள்வியை உங்கள் ஆபீஸ் அலமாரியில் வைத்துப் பூட்டு, மக்கா. தொழில் நிற்கவில்லை.

பாயசத்தை அம்மாவுக்கென்று ஒரு சின்னப் பாத்திரத்தில் வாங்கி பேக்கில் வைத்தேன். பஸ்ஸில் ஏறியபிறகுதான் நினைவு வந்தது. வீட்டுக்காரம்மா எலிசாளிடம் கொடுத்துவிட்டேன்.

அக்கா,
ராகேல்.


சென்னை,
5-6-2025.

அன்புள்ள அக்காவுக்கு,

உன் சந்தோஷம் எனக்கும் சந்தோஷம். பாயசத்தைப் படித்தபோது வெளியே போய் ஒரு டீ குடித்துவிட்டு வந்தேன்.

ஒரே ஒரு கேள்வி. படிவத்தில் இல்லாத கேள்வி. ஆர்டர் இரண்டு பங்கு என்றாயே, ஆளும் இரண்டு பங்கு எடுக்கிறார்களா? உங்கள் அறையில் எட்டுப் பேர் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறேன். பதினாறு ஆகுமா?

உடம்பைப் பார்த்துக்கொள்.

ஜிபின்.


கழக்கூட்டம்,
22-6-2025, ஞாயிறு.

தம்பி ஜிபினுக்கு,

நலம். மழை பிடித்துவிட்டது. ஹைவேயில் தண்ணீர் கட்டி நிற்கிறது, பஸ் தினமும் தாமதம்.

உன் கேள்விக்குப் பதில்: மேலே ஆபீஸில் புதிதாக ஆறு என்ஜினீயர்கள் வந்திருக்கிறார்கள். பெங்களூர்ப் பிள்ளைகள். எங்கள் அறைக்கு இன்னும் யாரும் வரவில்லை, வருவார்களாயிருக்கும். இதுக்கெல்லாம் அவசரப்பட முடியுமா?

அதைவிடப் பெரிய விசேஷம். எட்டுப் பேரில் என்னையும் சுஜாவையும் மட்டும் மேலே கூப்பிட்டார்கள். ஏசி ரூம், சுழல் நாற்காலி! பதினாறு வருஷத்துப் பழைய ஃபிலிமையெல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்றி வைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு படமாக வரும். குறை இருக்கிற இடத்தில் நான் மவுஸால் வட்டம் போட்டு, இது குமிழி, இது விரிசல் என்று பெயர் கொடுக்க வேண்டும். ஒரு நாளைக்கு முந்நூறு படம். அஜீஷ் என்று ஒரு பையன் கூட இருக்கிறான், இருபத்தைந்து வயது இருக்கும், என்ஜினீயர். நான் வட்டம் போடுவதைப் பார்த்துவிட்டு, "சேச்சிக்கு இது எங்ஙனே காணான் பற்றுந்நு?" என்று வாயைப் பிளக்கிறான். எனக்கு எதுவும் தெரியவில்லையே, உங்களுக்கு மட்டும் எப்படித் தெரிகிறது என்கிறான். பதினாறு வருஷத்தில் என் கண்ணைப் பார்த்து ஒருவர் வாய் பிளந்தது இதுதான் முதல் தடவை. அந்தத் தடியனுக்குத் தினமும் ஒரு முறுக்கு கொண்டுபோகிறேன்.

ஓவர்டைம் உண்டு. ஓணத்துக்குள் முடிக்க வேண்டுமாம். கண் கொஞ்சம் எரிகிறது, சொட்டு மருந்து விடுகிறேன்.

அந்தக் கணக்கையெல்லாம் போட்டு உங்கள் ஆபீஸ் எழுதுகிற புத்தகம் எப்போது வரும்? வந்தால் அனுப்பு. திட்டுவதற்காவது படிக்கிறேன்.

அக்கா,
ராகேல்.


சென்னை,
20-7-2025.

அன்புள்ள அக்காவுக்கு,

எழுதத் தாமதமாகிவிட்டது. வேலை அதிகம். புத்தகம் அச்சுக்குப் போகிறது. இங்கேயும் இரண்டு நாள் மழை, தெருவில் முழங்கால் தண்ணீர்.

கண் எரிச்சலுக்கு டாக்டரைப் பார். கடையில் நீயாகக் கேட்டுச் சொட்டு மருந்து வாங்காதே. எலிசாள் அக்காவைக் கேட்டதாகச் சொல்.

உன்னிடம் வேறு என்னவோ சொல்ல வேண்டும் என்று உட்கார்ந்தேன். வரவில்லை. அடுத்த தடவை எழுதுகிறேன்.

தம்பி,
ஜிபின்.


கழக்கூட்டம்,
10-9-2025, புதன்.

தம்பி ஜிபினுக்கு,

நான் சுகம். நீ சுகமா? ஓணம் நல்லபடியாகக் கழிந்தது. போனஸும் ஒரு வேட்டியும் புடவையும் தந்தார்கள். வேட்டியை உனக்காக எடுத்து வைத்திருக்கிறேன், நாலு முழம்.

இங்கே எல்லாம் பழையபடிதான். புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. எலிசாள் அக்கா கறிவேப்பிலை நட்டிருக்கிறாள். எதிர்வீட்டுக்கு மேலே ஐடி பிள்ளைகள் தங்கும் ஹாஸ்டல் இருக்கிறதே, பகல் பன்னிரண்டு மணிக்கு அங்கே ஒரு ஈ காக்கை இருக்காது. ஆனால் கொடியில் மட்டும் வரிசையாக இருபது சுடிதார் ஆடிக்கொண்டிருக்கும். தபால்காரர் பதினொன்றரைக்கு வருகிறார். இத்தனை வருஷம் இவர் தபாலை ஜன்னலுக்குள் போட்டுவிட்டுப் போய்விடுவாராம், இப்போது முகம் பார்த்துச் சிரிக்கிறார். "சேச்சி, இப்போழும் கத்து எழுதுந்ந ஆளுண்டோ!" என்றார், இந்தக் காலத்திலும் கடிதம் எழுத ஆள் உண்டா என்று. மூன்று மணிக்கு வெயில் அடுக்களைத் தரையில் வந்து விழுகிறது. அம்மா அந்த இடத்தில்தான் பாய் போட்டுப் படுப்பேன் என்று சொல்வாளே, எனக்கு இப்போதுதான் ஏன் என்று தெரிந்தது.

கண் எரிச்சல் போய்விட்டது.

நீ ஏதோ அடுத்த தடவை எழுதுகிறேன் என்றாயே. என்ன அது?

அக்கா,
ராகேல்.


சென்னை,
18-9-2025.

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தில் தேதி புதன்கிழமை.

ஓணம் லீவாக இருக்கும் என்று முதலில் நினைத்தேன். காலண்டரை எடுத்துப் பார்த்தேன், ஓணம் ஐந்தாம் தேதி வெள்ளிக்கிழமையே முடிந்துவிட்டது. பிறகு தபால்காரர், ஹாஸ்டல் கொடி, மூன்று மணி வெயில். அக்கா, பதினாறு வருஷமாக நீ வேலை நாளில் பகலில் உன் வீட்டைப் பார்த்ததே இல்லை. எத்தனை நாளாக வீட்டில் இருக்கிறாய்?

இத்துடன் புத்தகம் வைத்திருக்கிறேன். முப்பத்தோராம் பக்கத்தில் ஒரு பத்தி இருக்கிறது. நான் எழுதியது. உன் ஜூன் கடிதம் வந்த அன்றே எழுதினேன். நீ மேலே ஏசி ரூமில் என்ன செய்கிறாய் என்று உன் கடிதத்தின் பாதியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. நாலு தடவை உனக்கு எழுதினேன், நாலையும் கிழித்தேன். அவ்வளவு சந்தோஷமாக எழுதியிருந்தாய். நான் எதைச் சொன்னாலும் 'இவன் மறுபடி ஆரம்பித்துவிட்டான்' என்று நினைப்பாய், எழுதுவதையும் நிறுத்திவிடுவாய் என்று பயந்தேன். எனக்கு இந்தக் கடிதங்களைத் தவிர வேறு ஒருவரும் இல்லை. ஆனால் புத்தகத்துக்கு மட்டும் அந்தப் பத்தியைக் கொடுத்துவிட்டேன். அது நன்றாக வந்திருக்கிறது என்று எல்லோரும் சொன்னார்கள். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

படித்துவிட்டு என்ன வேண்டுமானாலும் திட்டு. திட்டி எழுது. எழுதாமல் இருந்துவிடாதே.

ஜிபின்.


கழக்கூட்டம்,
14-10-2025, செவ்வாய்.

ஜிபினுக்கு,

சுகம் விசாரிக்கிற மனநிலை இல்லை. இருந்தாலும் நீ சாப்பிட்டாயா என்று தெரியவேண்டும்.

முப்பத்தோராம் பக்கம் படித்தேன். உன் பத்தியை இங்கே எழுதுகிறேன், உன் கண்ணும் ஒருதடவை பார்க்கட்டும். 'திருவனந்தபுரத்தில் ஒரு தொழிற்சாலையில் எக்ஸ்ரே படம் பார்க்கும் பெண் ஒருவர், தன் இடத்துக்கு வரப்போகும் கணினிக்குத் தானே பாடம் நடத்திக்கொண்டிருக்கிறார். ஆர்டர் இரட்டிப்பாகியிருக்கிறது. அவருக்கு வேலை இருக்கப்போவதில்லை. அவருக்கு அது தெரியாது.'

கடைசி வரி தப்பு. எனக்குத் தெரியும்.

வேலை தொடங்கிய மூன்றாம் நாளே தெரியும். நான் மவுஸை நகர்த்துவதற்கு முன்னாலேயே அது ஒரு வட்டம் போட்டது. சரியான இடத்தில் போட்டது. அஜீஷ் கை தட்டினான். அன்று சுஜா பாத்ரூமில் வைத்துச் சொன்னாள், "சேச்சி, ஒண்ணு சொன்னா கோவிக்கருது. நம்ம பத்துல ரெண்ட விட்டுரலாம். அது தப்பா படிச்சா நம்மள வேணுமின்னு வைப்பாங்கல்லா?" அவள் விட்டாள். என்னால் முடியவில்லை. நிறைய முயன்றேன் என்று வேண்டுமானால் வைத்துக்கொள். ஒரு விரிசலைப் பார்த்துவிட்டுப் பார்க்காததுபோல அடுத்த படத்துக்குப் போகக் கை வரவில்லை. ஸ்டுடியோ மூடியபோதும் கடைசி ரோல்வரை ஒழுங்காகத்தான் கழுவிக்கொடுத்தேன். இப்படி ஒரு பைத்தியக்காரி நான், என்ன செய்ய?

உனக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். 'நான் அப்போதே சொன்னேனே' என்று நீ எழுதிவிடுவாயோ என்றுதான். ஏசி ரூம், சுழல் நாற்காலி என்று அளந்துவிட்டதில் பாதி எனக்கே நான் சொல்லிக்கொண்டது.

ஆனால் நீ? ஊர் முழுக்க அச்சடித்துச் சொன்னாய். எனக்குச் சொல்லவில்லை. இரண்டு பேரும் ஒரே படத்தைப் பார்த்து, ஒரே குறையைக் கண்டு, தனித்தனிச் சீட்டில் எழுதிப் பெட்டியில் போட்டிருக்கிறோம். எங்கள் அறையில் அது சட்டம். அக்காவுக்கும் தம்பிக்கும் எதற்குடே அந்தச் சட்டம்? புத்தகத்தைச் சுவரில் எறிந்தேன். அட்டை கிழிந்துவிட்டது, பிறகு ஒட்டிவைத்தேன்.

ஆகஸ்ட் முப்பதாம் தேதி எட்டுப் பேரில் ஆறு பேரை நிறுத்தினார்கள். மீதி இரண்டு பேர் அந்த இயந்திரம் சொல்வதைப் பார்த்து ஒப்பம் போடுகிறார்கள். மாலை போட்டு, புடவை வேட்டி கொடுத்து, பஸ்ஸில் ஏற்றிவிட்டார்கள். பஸ்ஸில் யாரும் பேசவில்லை. எங்களுக்குப் பேசாமல் இருந்துதானே பழக்கம்.

நீ சொன்ன ஆஸ்பத்திரிக்கும் போனேன், சிரிக்காதே. நல்ல புடவை கட்டிக்கொண்டு, சர்வீஸ் சர்டிபிகேட்டை எடுத்துக்கொண்டு போனேன். அதில் 'கம்பெனி ரகசியம் கருதி வேலை விவரம் தரப்படவில்லை' என்று இருக்கிறது. கவுண்டரில் இருந்த பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்போ சேச்சி எந்தா செய்துகொண்டிருந்நே?" என்றாள், இத்தனை நாள் என்ன வேலைதான் செய்தீர்கள் என்று. என்னால் சொல்ல முடியவில்லை. படிப்பு இல்லாமல் எக்ஸ்ரே பக்கம் போக முடியாதாம். துப்புரவு வேலைக்குப் பெயரை எழுதிவைத்துவிட்டுப் போகச் சொன்னாள். எழுதிவைத்திருக்கிறேன்.

உன் கணக்கு சரியாகவே இருக்கட்டும் தம்பி. மற்றதில் போட்டால் வேலை கூடும். நான் இப்போது அதை நம்புகிறேன், என் அறையிலேயே பார்த்துவிட்டேனே. ஆர்டர் நின்றால் சோலி போகும் என்று பயந்தேன், ஆர்டர் கூடியபோதுதான் சோலி போனது.

ஒரு மாதம் யோசித்துவிட்டு இன்றைக்கு அம்மாவின் பைபிளைத் திறந்து உன் படிவத்தை எடுத்தேன். எல்லாம் எழுதவில்லை, வேண்டியதை மட்டும் எழுதியிருக்கிறேன். உங்கள் ஆபீஸுக்கு உதவாது. நீ வைத்துக்கொள்.

1. பெயர்: ராகேல். (புத்தகம் மறுபடி அச்சடித்தால் 'பெண் ஒருவர்' என்று போடாதே.)

3. தாங்கள் உற்பத்தி செய்யும் பொருள்: கையெழுத்து வாங்கிய பேப்பரை அவர்கள் திருப்பித் தரவில்லை, அதனால் இப்போதும் சொல்லக்கூடாது. நீ அன்று பந்தலில் சொன்னாயே, அது. ஒவ்வொரு சிவப்புச் சீட்டுக்கும் நான் மனதுக்குள் அதைத்தான் சொல்லிக்கொண்டேன். உனக்கு முன்னாலேயே.

6. தங்களைச் சார்ந்திருப்போர்: அம்மா இருந்தாள். தம்பி இருந்தான், படித்து ஆளாகிவிட்டான்.

9. தங்கள் பிரிவில் உள்ள ஆட்கள்: எட்டு. இப்போது இரண்டு.

11. இந்தத் தொழில் நின்றுபோனால் தாங்கள் வேறு என்ன வேலைக்குச் செல்வீர்கள்: எனக்குத் தெரியவில்லை. உங்களுக்கும் தெரியவில்லை என்று புத்தகத்தில் எழுதுங்கள். அதை எழுதியிருந்தால் நான் அதைச் சுவரில் எறிந்திருக்க மாட்டேன்.

12. தொலைபேசி எண்ணும், அழைக்க ஏற்ற நாளும் நேரமும்: எண் உனக்குத் தெரியும், மாற்றவில்லை. எந்த நாளும், எந்த நேரமும். ஞாயிறு காலை மட்டும் கோயிலில் இருப்பேன். அம்மாவிடம் சொல்லிவிட்டேன், எடுப்பேன்.